பாதி ஜெபம்

குடும்பங்களில் விசுவாசம் குறைந்துவிட்டது என்பது எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் அறிவிப்பு நேரத்தில்தான் தெரியவந்தது. அதற்கு முந்தின ஞாயிறு வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கோயில் ஜன்னல்களுக்கு வர்ணம் அடித்தாயிற்று, புது ஒலிபெருக்கி மாட்டியாயிற்று, பங்குப் பேரவைக்குச் செய்ய வேறு வேலை எதுவும் மிச்சமில்லை. அந்த நேரம் பார்த்து விசுவாசம் குறைந்ததும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

அறிவித்தவர் தலைவர். எதற்குத் தலைவர் என்று யாரும் கேட்பதில்லை. பங்கில் எது ஆரம்பித்தாலும் அவர்தான் தலைவர். ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர். விளிம்பு உடைந்த பிஸ்கட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர். வேலையை விட்டுவிட்டாரே தவிர கண்ணை விடவில்லை.

"அன்பார்ந்தவர்களே," என்றார் தலைவர். "குடும்பம்ங்கறது ஒரு குட்டித் திருச்சபை. இது நான் சொல்றதில்ல, திருச்சபையே சொல்றது. பிள்ளைங்களுக்கு விசுவாசத்த மொதல்ல சொல்லிக்குடுக்க வேண்டியவங்க அப்பா அம்மாதான். சரி, சொல்லிக்குடுக்கறாங்களான்னு யாரு பாக்கறது? கடவுள் பாக்கறார்னு சொல்லுவீங்க. பாக்கறாரு, நான் இல்லங்கல. ஆனா ரிப்போர்ட் குடுக்கறதில்லையே. அதனால நாங்க ஒரு குழு ஆரம்பிச்சிருக்கோம்."

குழுவின் பெயர் இல்லத் திருச்சபை ஆய்வுக்குழு. குடும்பமாகச் சேர்ந்து ஜெபம் செய்வது எவ்வளவு முக்கியம் என்பதைப் பற்றி விவாதிக்க அது தினமும் சாயங்காலம் கூடியது. உறுப்பினர்களுடைய வீடுகளில் ஜெபம் நடப்பதும் அதே நேரம்தான். ஆகவே அந்த வீடுகளில் அவர்கள் இல்லாமல் ஜெபம் நடந்தது, அல்லது நடக்காமல் போயிற்று. எது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

குழுவின் முதல் தீர்மானம், அந்த வருடம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளின் வீடுகளில் விசுவாசம் உயிரோடு இருக்கிறதா என்று நேரில் பார்ப்பது. இருந்தால் பிள்ளை வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கலாம். இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். பங்குத்தந்தை இதற்கு என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். அவர் நல்ல மனிதர். வந்த புதிதில் யாரிடமும் கேட்காமல் தானாகவே வீடுகளுக்கு நடந்துபோய், உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அது முறையான சந்திப்பு ஆகாது என்று பேரவை எடுத்துச் சொன்ன பிறகு நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் அவரைப் பூசையில் பார்க்கலாம், புகைப்படத்தில் பார்க்கலாம்.

தீர்மானத்தைக் கேட்டவர்களில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் இருந்தார். அவர் மகள் அந்த வருடம் புதுநன்மைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் சின்னவள். சின்னவளுக்கு அடுத்துப் பிறந்த குழந்தை இல்லை என்பதால் அந்தப் பெயர் அவளிடமே நின்றுவிட்டது.

அடுத்த குழந்தை பிறக்காமல் இல்லை. போன வருடம் பிறந்தது, நாளுக்கு முன்னாலேயே. சாயங்காலம் வரைக்கும் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். மெக்கானிக்கின் மனைவி அழவில்லை. "புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துடணும்" என்று மட்டும் சொன்னாள். அவர் வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் பங்கு அலுவலகத்துக்கு போன் போட்டார். பங்குத்தந்தை குடும்பநலக் கருத்தரங்குக்குப் போயிருந்தார். போனை எடுத்தவர் பேரவைச் செயலாளர்.

"திருமுழுக்கு மாசத்துல மொத ஞாயிறுதான் தம்பி," என்றார் செயலாளர். "அதுக்கு முன்னாடி பெற்றோர் வகுப்புக்கு வரணும். ஞானப்பெற்றோர் யாருன்னு சொல்லணும். அவசரம்னா சொல்லுங்க, அடுத்த கூட்டத்துல வெச்சுப் பேசுவோம்."

கூட்டம் வருவதற்குள் குழந்தை போய்விட்டது. மெக்கானிக் யாரையும் குறை சொல்லவில்லை. பெரிய அலுவலகத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மனைவியும் யாரையும் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தாள், உள்ளறைக்குப் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவும் மகளும் வெளியே போயிருக்கும் நேரத்தில் அவள் வெளியே வருவாள், சமைத்துத் தட்டுப் போட்டு மூடி வைப்பாள், துணி துவைத்துக் காயப்போடுவாள், அவர்கள் வருவதற்குள் உள்ளே போய்விடுவாள். கோபம் இல்லை, சண்டை இல்லை, பேச்சும் இல்லை. பங்கிலிருந்து யாரும் வந்து என்ன ஏது என்று கேட்கவில்லை. அப்போது அதற்கென்று குழு எதுவும் இருக்கவில்லை.

அந்த வீட்டில் முன்பெல்லாம் சாயங்காலம் ஜெபமாலை சொல்வார்கள். மரியன்னை ஜெபத்தின் முதல் பாதியைச் சின்னவள் சொல்வாள், அம்மா மறுபாதியைச் சொல்வாள். அப்பா சீக்கிரம் வந்துவிட்டால் அம்மாவோடு சேர்ந்துகொள்வார். கதவு சாத்தப்பட்ட பிறகு ஜெபமும் நின்றுபோனது. ஒருநாள் சாப்பிடும்போது சின்னவள் அப்பாவிடம் கேட்டாள்.

"லிஃப்ட்ல ஆளுங்க மாட்டிக்கிட்டா நீங்க என்னப்பா பண்ணுவீங்க?"

"மொதல்ல கதவுகிட்டப் போய் நிப்பேன். நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுவேன். வேல முடியற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்பேன்."

"அவங்க பதில் பேசலன்னா?"

"பேசாட்டி என்ன. கேட்டுட்டு இருப்பாங்கல்ல."

"கதவ ஒடச்சிட வேண்டியதுதானே?"

"ஒடச்சா உள்ள இருக்கறவங்களுக்குத்தான்டா அடிபடும்," என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடியே.

மறுநாள் சாயங்காலம் அவள் உள்ளறைக் கதவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்து முதல் பாதியைச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். ஒரு ஆள் மறுபாதியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். பிறகு அடுத்த மணியை நகர்த்தி மறுபடியும் முதல் பாதியைச் சொன்னாள். மெக்கானிக் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மறுபாதியைத் தான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். சின்னவள் தலையை ஆட்டினாள்.

"அது அம்மாவோடதுப்பா."

அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் பாதி ஜெபம்தான் நடந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆனால் ஜெபம் நடக்கும்போது உள்ளே கட்டில்கூடக் கிரீச்சிடவில்லை என்பதை மெக்கானிக் கவனித்திருந்தார். இயந்திரத்தோடு பழகியவருக்கு இந்தச் சத்தமின்மை எந்த மாதிரியானது என்று ஓரளவு தெரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நாளை ஓட்டினார்.

சின்னவளுக்குப் புதுநன்மை எதற்கு என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. நற்கருணை வாங்கினால் இயேசு நமக்குள்ளே வருவார் என்று மறைக்கல்வி டீச்சர் சொல்லியிருந்தார். "வாங்கிட்டு வாயத் தொறக்காம நேரா வீட்டுக்கு வந்துடுவேன்," என்று அப்பாவிடம் சொன்னாள். "கதவுகிட்ட ஒக்காருவேன். அம்மாதான் கோயிலுக்கு வர மாட்டேங்கறாங்க. அவரு வரலாமில்ல."

இப்படிப்பட்ட வீட்டைத்தான் ஆய்வுக்குழு பார்க்க வரவிருந்தது.

ஆய்வுக்கு முன்னால் பெற்றோருக்கு வகுப்பு. எடுத்தவர் தலைவர். வகுப்பு முழுவதும் கேள்வி பதில்தான், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற வகை. விசுவாசத்தை இப்படித் தேர்ந்தெடுப்பது சுலபம் என்று தலைவர் விளக்கினார். யோசிக்க வேண்டியதில்லை, தப்பான விடைகள் பார்த்தாலே தெரிந்துவிடும். பிள்ளை ஜெபத்தில் தூங்கி வழிந்தால் என்ன செய்வது என்று ஒரு அம்மா கேட்டார். அது பாடத்திட்டத்தில் இல்லை என்று தலைவர் சொல்லி அடுத்த கேள்விக்குப் போனார்.

"அடுத்தது. சாகற நெலமையில இருக்கற கொழந்தைக்குத் திருமுழுக்குக் குடுக்க யாருக்கு அனுமதி உண்டு? ஆயர், குருவானவர், உபதேசியார், யார் வேண்டுமானாலும். இந்த நாலுல எது?"

"யார் வேண்டுமானாலும்" என்று வகுப்பே சேர்ந்து சொன்னது.

"சபாஷ். யார் வேணும்னாலும் குடுக்கலாம். தண்ணிய எடுத்துத் தலையில ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு சொன்னாப் போதும். ரொம்ப ஈசியான கேள்வி இது. இதுல யாரும் மார்க் விடறதில்ல."

கடைசி பெஞ்சிலிருந்து மெக்கானிக் எழுந்து நின்றார். "யார் வேணும்னாலுமாங்க? அப்பாகூடவா?"

"அப்பா என்ன, வழியில போறவன்கூட ஊத்தலாம். ஒக்காருங்க தம்பி, ரெண்டு தரம் கேட்டா மத்தவங்க கொழம்புவாங்க."

அவர் உட்கார்ந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தோள்பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. பேசி முடித்துவிட்டு அதைத் திறந்து அவரேதான் குடித்தார். இத்தனை நாளாக அவருக்கு அது ஞாபகமே இல்லை. இப்போது மூடியைத் திருகிய கைகூட ஞாபகம் வந்தது. வகுப்பில் அடுத்த கேள்வி நோன்பு நாட்களைப் பற்றியது. முன்வரிசையில் செயலாளர் உட்கார்ந்து அதற்கும் சரியான விடை சொல்லிக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் மெக்கானிக் பங்குத்தந்தையைத் தேடிக்கொண்டு பூசை உடுப்புகள் வைக்கும் அறைக்குப் போனார். பங்குத்தந்தை உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், நானே ஊத்தியிருக்கலாமாம்."

பங்குத்தந்தைக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் உடுப்பைக் கீழே வைத்துவிட்டார். "ஒங்களுக்கு அன்னிக்கு யாரும் சொல்லலியா?"

"மொத ஞாயிறுன்னு சொன்னாங்க ஃபாதர். எங்கிட்ட தண்ணி இருந்துச்சு."

பங்குத்தந்தையின் முகம் சுருங்கிப் போயிற்று. "இங்க பாருங்க," என்று மெக்கானிக்கின் கையைப் பிடித்தார். "அந்தப் புள்ளைக்கு ஒரு கொறையும் வராது. ஒங்க வீட்டம்மா கேட்டாங்கல்ல, அதுவே..."

"ஃபாதர், வகுப்பு நிறைவு போட்டோவுக்கு எல்லாரும் நிக்கறாங்க," என்று தலைவர் வாசலில் வந்து நின்றார். "நடுவுல ஒங்க நாற்காலிதான் காலியா இருக்கு."

காலியான இடத்தைக் கண்டால் தலைவருக்குத் தாங்காது. பங்குத்தந்தை போய் நிரப்பினார். மெக்கானிக் மீதி வாக்கியம் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். வந்து கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். என்ன சொல்வது? எல்லாம் என் பையிலேயே இருந்தது என்று கதவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் போய்க் கை கால் கழுவினார்.

ஆய்வுக்குழு வந்த அன்று வீடு நிறைந்துவிட்டது. வீடு என்றால் ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு உள்ளறை. உறுப்பினர்கள் நாற்காலிகளிலும் அரிசி டிரம்மின் மேலும் உட்கார்ந்தார்கள். தலைவர் வீட்டுப் பீடத்துக்கு மேலே சுவரில் இருந்த இயேசு படத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றார். மெழுகுவர்த்தியைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, தரமானது என்றார். குட்டித் திருச்சபை என்றால் நுழைவுப் பவனி வேண்டும் என்பதால் அப்பாவும் மகளும் சமையலறையிலிருந்து மெழுகுவர்த்தியோடு நடந்து வரவேண்டியிருந்தது. கூடம் சின்னது. பவனி ஆரம்பித்த உடனேயே முடிந்துவிட்டது. கொஞ்சம் மெதுவாக வரச் சொல்லி இன்னொரு தரம் நடத்தினார்கள்.

பிறகு வரவேற்புரை. பிறகு செயலாளர் குழுவின் சாதனைகளைச் சொன்னார். பிறகு தலைவர் குடும்ப ஜெபத்தில் மௌனத்தின் அவசியத்தைப் பற்றிப் பேசினார். அது நீண்ட உரை. "வீட்டுல சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு," என்றார். "அமைதியே கெடையாது. நான் எங்க வீட்டுக்கு எப்பப் போனாலும் எல்லாரும் தூங்கிட்டுத்தான் இருப்பாங்க, அவ்வளவு அமைதி. அத நான் ஒரு முன்மாதிரியாவே சொல்லுவேன்." கடைசியில், "சரி, இப்ப நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றார்.

சின்னவள் எழுந்து பீடத்தை விட்டுவிட்டு உள்ளறைக் கதவின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"பாப்பா, பீடம் இங்க இருக்கும்மா," என்றார் செயலாளர்.

"எங்க ஜெபம் இங்கதான் மாமா."

முதல் பாதியைச் சொன்னாள். நிறுத்தினாள். கூடத்தில் நிசப்தம். மௌனத்தைப் பற்றி அத்தனை நேரம் பேசியவர்கள் அது நேரில் வந்து நின்றதும் நெளிந்தார்கள். ஒருவர் இருமினார். சின்னவள் அடுத்த மணியை நகர்த்தி மறுபடியும் முதல் பாதியைச் சொன்னாள்.

"மறந்துபோச்சு போல," என்றார் தலைவர்.

"இல்லங்க ஐயா," என்றார் மெக்கானிக். "மீதி அவங்க அம்மாவோடது. உள்ள இருக்காங்க."

"உள்ளயா? தாயாரு ஜெபத்துல கலந்துக்கலியா? கதவத் தெறக்கச் சொல்லுங்க."

"அது முடியாதுங்க. கொழந்த தவறினதிலிருந்து அவங்க..."

"கேள்விப்பட்டோம், ரொம்ப வருத்தம்," என்றார் தலைவர், வருத்தத்தை அதற்குரிய வேகத்தில் முடித்துவிட்டு. "ஆனா ஒரு சத்தமும் கேக்கலியே தம்பி. சத்தம் கேக்காத ஜெபத்த நாங்க எந்தக் கணக்குல எடுத்துக்கறது? சரி, கவலப்படாதீங்க. குழு எதுக்கு இருக்கு?"

சின்னவள் மூன்றாவது முறை முதல் பாதியை முடித்ததும் குழு எதற்கு இருக்கிறது என்று தெரிந்தது. தலைவர் கையை உயர்த்தினார். மொத்தக் குழுவும் ஒரே குரலில், தெருமுனை வரைக்கும் கேட்கும்படி, மறுபாதியைச் சொன்னது. அம்மாவுக்காக விட்டிருந்த இடத்தில் ஒரு இண்டு இடுக்கு மிச்சமில்லாமல் ஏறி உட்கார்ந்தது.

ஆமென் என்று அவர்கள் முடித்ததும் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம். அந்தக் கதவு இத்தனை மாதமாகச் சாத்தித்தான் இருந்தது, தாழிட்டதில்லை. 

"அது அம்மாவோடது," என்றாள் சின்னவள். அழவில்லை, சொன்னாள்.

"அம்மாதான் சொல்லலியேம்மா."

"சொல்லுவாங்க. நான் எடம் விட்டிருக்கேன்."

தலைவர் குனிந்து, பிள்ளைகளிடம் பேசுவதற்கென்று வைத்திருந்த குரலில் சொன்னார். "ஜெபத்துல காலி எடம் விடக் கூடாதும்மா. விட்டா அந்த எடத்துல பிசாசு வந்து ஒக்காந்துக்கும். அம்மா பாவம் உள்ள தனியா இருக்காங்கல்ல?"

சின்னவள் கதவைப் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பயத்தைக் கண்டு தலைவர் திருப்தியோடு நிமிர்ந்தார். விசுவாசம் இறங்குகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

முடிவை அங்கேயே செயலாளர் வாசித்தார். மெழுகுவர்த்தி, நன்று. பவனி, முன்னேற்றம் தேவை. தாய், இல்லை. ஜெப அறிவு, பாதி. பாதி ஜெபம் தெரிந்த பிள்ளைக்கு முழு நற்கருணை கொடுப்பது எப்படி என்று தலைவர் கேட்டார். யாரிடமும் பதில் இல்லாததால் அதுவே தீர்மானமாயிற்று. சின்னவள் சிறப்பு வகுப்புக்கு வந்து ஜெபத்தை இடைவெளி விடாமல் முழுதாகச் சொல்லப் பழகினால் மறுபரிசீலனை செய்யப்படும். பிறகு எல்லோரும் எழுந்து நன்றி ஜெபம் சொல்லிவிட்டு, தங்கள் வீட்டு ஜெப நேரம் தாண்டிய பிறகு கலைந்து போனார்கள்.

மெக்கானிக் அன்றைக்குக் கதவருகே உட்கார்ந்து, "தாழ மட்டும் எடுத்துடும்மா, நாங்க வெளியவே இருக்கோம்," என்று கெஞ்சினார். தாழ் விலகவில்லை. அடுத்து வந்த நாட்களில் மூடி வைத்த தட்டுகளில் சோறு இருந்தது. ஆனால் அவள் சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்திருப்பது குறைந்துகொண்டே வந்தது. வேலை செய்கிற இடத்தில் அவர் ஒரு லிஃப்டின் கதவைத் தலைகீழாக மாட்டப் பார்த்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கினார்.

சின்னவள் சிறப்பு வகுப்புக்குப் போனாள். போக வேண்டாம் என்றுதான் மெக்கானிக் சொன்னார், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். "அடுத்த வருஷம் வரைக்கும் அம்மா தனியா இருப்பாங்களாப்பா?" என்று அவள் கேட்டதும் அவரே அவளைக் கூட்டிப்போய் வகுப்பில் விட்டார். வகுப்பில் மூச்சு வாங்காமல் சொல்லப் பழகினாள். வீட்டிலும் கதவின் முன்னால் அப்படியே சொல்லலானாள், இரண்டு பாதியையும், யாரும் நுழைய இடம் தராமல், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. முன்பு அந்த நேரத்துக்காகக் காத்திருந்த மெக்கானிக் இப்போது எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். மறுஆய்வில் தலைவர் அவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்தார். எங்கள் பங்கில் அவ்வளவு வேகமாக ஜெபம் சொல்கிற பிள்ளை இல்லை என்று அறிவிப்பு நேரத்தில் பாராட்டினார்.

புதுநன்மை நாள் காலையில் உள்ளறைக் கதவுக் கைப்பிடியில் வெள்ளை உடுப்பு தொங்கியது. கடையில் வாங்கி மூலையில் போட்டிருந்த உடுப்பு. இஸ்திரி போட்டிருந்தது. கைப்பக்கம் இறுக்கமாக இருக்கிறது என்று சின்னவள் முதல் நாள் அப்பாவிடம் முணுமுணுத்திருந்தாள். அந்தத் தையல் பிரித்து மறுபடி போடப்பட்டிருந்தது. மெக்கானிக் தையலைத் தடவிப் பார்த்தார். தாழ் மட்டும் விழுந்தபடியே இருந்தது.

பூசையில் சின்னவள் நற்கருணையை வாங்கினாள், வாயை மூடினாள். பிறகு மூடியதுதான். பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓடுவதற்குச் செருப்பைத் தேடியபோது தலைவர் ஒலிபெருக்கியில் வந்தார். பிள்ளைகள் யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. சிறப்புரை இருக்கிறது, குழுவின் ஆண்டறிக்கை இருக்கிறது, பொன்னாடை இருக்கிறது, நன்றியுரை இருக்கிறது, அதன்பின் குரூப் போட்டோ. கதவருகே தொண்டர்கள் நின்றார்கள். சின்னவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனிப்புக் கொடுத்தார்கள், வாங்கவில்லை. பெயர் கேட்டார்கள், சொல்லவில்லை. பக்கத்துப் பிள்ளை கிள்ளியது, கத்தவில்லை. சிறப்புரையின் தலைப்பு, குழந்தைகள் என்னிடம் வருவதைத் தடுக்காதீர்கள்.

ஆண்டறிக்கையின் நடுவே பங்குத்தந்தை மேடையிலிருந்து மெதுவாக இறங்கினார். மெக்கானிக் நின்றிருந்த தூணுக்குப் பின்னால் வந்தார்.

"அன்னிக்குப் பாதியில விட்டுட்டேன்," என்றார் தணிந்த குரலில். "மன்னிச்சுக்குங்க. வீடு தேடி வந்து சொல்லியிருக்கணும், வரல. ஒங்க வீட்டம்மா அந்தப் புள்ளைக்காகக் கேட்டாங்கல்ல, கேட்டப்பவே ஆண்டவரு கையில வாங்கிக்கிட்டாரு. நான் அப்பிடித்தான் நம்பறேன். ஒங்க தண்ணிக்காகவும் எங்க மொத ஞாயிறுக்காகவும் அவரு காத்திருக்கல. அவங்ககிட்ட சொல்லுங்க." பிறகு சின்னவளின் மூடிய வாயைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, "பாடகருங்க வர்ற பக்கவாசல்ல தொண்டர் யாரும் இல்ல, அப்பிடிப் போயிடுங்க," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கதவின் முன்னால் உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடி, பழக்கிவிட்டபடி ஜெபத்தைச் சொன்னாள். முதல் பாதி, மறுபாதி, ஆமென், எல்லாம் ஒரே மூச்சில்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. பல நாள் திறக்காத பெட்டியைத் திறந்ததுபோல கரகரத்து வந்தது.

"என்னடி, என் பாதியையும் நீயே சொல்லிட்டே?"

சின்னவள் கண்ணைத் திறந்தாள். 

"நீங்க சொல்லிட்டு இருந்தீங்களாம்மா?"

"மனசுக்குள்ள. பாதி வரைக்கும் வரும், அப்புறம் வராது. நீ எடம் விட்டப்பல்லாம் முயற்சி பண்ணிட்டுத்தான் இருந்தேன். இப்ப கொஞ்ச நாளா எடமே விட மாட்டேங்கறியே."

"பிசாசு வந்துடும்னு சொன்னாங்கம்மா."

 "நான்தான்டி இருக்கேன் அந்த எடத்துல," என்றது குரல். "நீ சொல்லு."

சின்னவள் மடியில் கையைத் துடைத்துக்கொண்டு முதல் பாதியை ஆரம்பித்தாள். அதே நேரத்தில் தெருக்கதவை யாரோ தட்டினார்கள். மெக்கானிக் சட்டென்று வெளியே போய்க் கதவைத் தன் பின்னால் இழுத்துச் சாத்தினார். தலைவரும் செயலாளரும் வியர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார்கள்.

"என்ன தம்பி, நன்றியுரைக்கு முன்னாடியே கெளம்பிட்டீங்க? குரூப் போட்டோவுல முன்வரிசையில ஒரு எடம் காலியா கெடக்கு. பாப்பாவக் கூப்பிடுங்க."

"காலியாவே இருக்கட்டும் ஐயா."

"அது எப்பிடி? பல்லு விழுந்த மாதிரி இருக்குமே."

"இருக்கட்டும். உள்ள ஜெபம் நடக்குது."

தலைவரின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு, தொடர் ஆய்வாவே வெச்சுக்கலாம். கொஞ்சம் தள்ளுங்க."

மெக்கானிக் தள்ளவில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "பாக்க முடியாதுங்க ஐயா. நீங்க வீட்டுக்குப் போங்க. இன்னிக்கு ஞாயித்துக்கெழம. ஒங்க வீட்டுல சாப்பிடாம காத்துட்டு இருப்பாங்க."

இதற்கு என்ன பதில் என்று தலைவர் பாடத்திட்டத்தில் தேடுவதுபோல நின்றார். வெயில் அவர் வழுக்கையில் அடித்தது. பிறகு செயலாளர் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "எங்க வீட்டுல காத்துட்டு இருப்பாங்களா?" என்று கேட்டார்.

"தெரியலியே தலைவரே," என்றார் செயலாளர். "என்னிக்குமே அந்த நேரத்துல நாம அங்க இருந்ததில்லையே."

இருவரும் தெருவில் இறங்கினார்கள். 

மெக்கானிக் கதவில் சாய்ந்துகொண்டார். உள்ளே சின்னவள் முதல் பாதியை முடித்திருந்தாள். அந்தக் கரகரத்த குரல் மறுபாதியை எடுத்தது. தூய மரியே என்றது, இறைவனின் தாயே என்றது. "பாவிகளாகிய எங்களுக்காக இப்பொழுதும் எங்கள்" என்பது வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை இறப்பு. அதுவரைக்கும்தான் அவளுக்கு வருமென்று அவருக்கு இப்போது தெரிந்தது. சின்னவள் எடுத்துக்கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தாள். மெக்கானிக்கும் உள்ளே போகவில்லை. பங்குத்தந்தை சொன்னதை அவளிடம் சொல்ல வேண்டும், தண்ணீரைப் பற்றியும் ஒருநாள் சொல்ல வேண்டும். இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள், மீதியையும் சொன்னாள். ஆமென் என்று இரண்டு குரல் கேட்டது. தாழ்ப்பாள் விலகும் சத்தமும் கேட்டது.